எஸ். அருள் நான்தான்

3 ஜூன் 2014, செவ்வாய்

ஆறு நாள் கழித்து இன்று குழாயில் தண்ணீர் வந்தது. எட்டுக் குடம் பிடித்தேன். ஒன்பதாவது குடம் பாதியில் இருக்கும்போது அண்ணன் மகன் வின்சென்ட் ஒரு பெண்ணோடு வாசலில் வந்து நின்று, எல்லாவற்றையும் போட்டுவிட்டு வா என்றான். கோலார் தங்கவயலில் இருந்துகொண்டு தண்ணீரைப் போட்டுவிட்டு வருவதற்கு எனக்கென்ன பைத்தியமா? குடம் நிரம்பிய பிறகுதான் போனேன்.

பெண்ணின் பெயர் மிருதுளா. சென்னை. பழைய இசைத்தட்டுகளைத் தேடிப் பிடித்து மறுபடி வெளியிடுகிற வேலையாம். அறுபதுகளில் இந்தப் பக்கம் வந்த ராக்கபில்லி பாட்டுகளைச் சேர்க்கிறாளாம். எழுபது வயதில் அந்தச் சொல்லை இன்றுதான் முதல்முறை கேட்கிறேன். சாம்பியன் சுரங்கத்து லைன் வீடுகளில் அதற்குப் பெயர் குலுக்குப் பாட்டு. பங்குச் சாமியார் வைத்த பெயர் சாத்தான் பாட்டு.

கைபேசியில் ஒரு பாட்டைப் போட்டாள். தட்டில் 'எஸ். அருள் அண்ட் தி ஷாஃப்ட் பாய்ஸ், 1963' என்று இருக்கிறதாம்.

கூண்டு எறங்குது, கூண்டு எறங்குது,
எம் மனசு ஏ-ஹே-றுது.

"எங்கப்பா வாய்ஸு எப்பிடிக் கீது பாத்தியா அத்தே?" என்றான் வின்சென்ட்.

காபி போட உள்ளே போய்விட்டேன். சர்க்கரை போட மறந்திருக்கிறேன். அந்தப் பெண் அப்படியே குடித்துவிட்டுப் போனாள்.

4 ஜூன், புதன்

சுரங்கக் கழிவு கொட்டிய சயனைடு மேட்டிலிருந்து காற்று. வீடு முழுக்க வெள்ளைத் தூசி. இரண்டு முறை துடைத்தேன். வேறு ஒன்றும் இல்லை.

5 ஜூன், வியாழன்

வேறு ஒன்றும் இல்லை என்று நேற்று எழுதியது பொய். நாட்குறிப்பிலேயே பொய் எழுதினால் பிறகு எங்கேதான் உண்மையை எழுதுவது?

சுரங்கத்துக்குள் ஆளை இறக்குகிற கூண்டைப் பற்றிய அந்தப் பாட்டைப் பாடியது நான். கிடார் வாசித்தது நான். பாட்டைக் கட்டியதும் நான்தான். அண்ணன் அருள்ராஜுக்குப் பாட வராது. பூசையில்கூட வாயை மட்டும் அசைப்பான்.

அப்பா சவரிமுத்து ஆபீசர்கள் கிளப்பில் பரிமாறுகிற வேலையில் இருந்தார். கீறல் விழுந்தது என்று துரைகள் தூக்கிப் போடும் ரெக்கார்டுகளை வீட்டுக்குக் கொண்டுவருவார். ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய ஓர் ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரக் குடும்பம் விட்டுப்போன கிடாரையும் அவர்தான் கொண்டுவந்தார். அண்ணனுக்கென்றுதான் கொண்டுவந்தார். அண்ணன் அதை ஒரு வாரம் முறைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் தள்ளிவிட்டான்.

பதினெட்டு வயதில் கிளப்பின் கிறிஸ்துமஸ் நடனத்தில் வாசித்தேன். பாவாடை தாவணியில் ஒருத்தி இடுப்பில் கிடாரை வைத்துக்கொண்டு குலுக்குப் பாட்டுப் பாடுவதை அதற்கு முன் தங்கவயல் பார்த்ததில்லை. பின்னாலும் பார்க்கவில்லை. நன்றாகத்தான் வாசித்தேன், இதில் என்ன அடக்கம் வேண்டிக்கிடக்கிறது?

8 ஜூன், ஞாயிறு

பூசை முடிந்ததும் வின்சென்ட்டை மாதா கோயில் வாசலிலேயே பிடித்து நிறுத்திச் சொன்னேன். முதலில் சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் முகம் மாறிவிட்டது.

"இன்னா அத்தே இது, அப்பா போய் இன்னும் ஒரு வருசம்கூட ஆவல. சரி, உன் ரேசன் கார்டுல இன்னா பேரு கீது?"

"பி. அருள்மேரி."

"ரெக்கார்டுல?"

"எஸ். அருள்."

"அவ்ளோதான். எங்கப்பா எஸ். அருள்ராஜ். சாவுற வரைக்கும் எஸ்."

ஆணுக்குப் பிறக்கும்போது வைக்கிற எழுத்து கல்லறை வரைக்கும் கூடவே போகிறது. எனக்குத் தாலி ஏறிய அன்றே எஸ். இறங்கிவிட்டது. ஓட்டுச் சீட்டு, ரேஷன் அட்டை, பாங்கு புத்தகம் எல்லாவற்றிலும் என் கணவர் பாக்கியநாதனின் பி. பள்ளிச் சான்றிதழில் எஸ். இருந்தது. அது லைன் வீட்டுக் கூரை விழுந்த மழையில் நனைந்து கூழாகிவிட்டது. டிரம் அடித்த கிளாரன்ஸ் மெல்பர்ன் போய் அங்கேயே அடக்கமாகிவிட்டான். சாட்சி சொல்ல ஆளும் இல்லை, தாளும் இல்லை.

போகும்போது வின்சென்ட் இன்னொன்றும் கேட்டான். "அப்பா நெனைவு அட்டைல 'தங்கவயலின் முதல் மேடைப் பாடகர்'னு எழுதிக் குடுத்தது யாரு? நீதானே?"

ஆம். நானேதான். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று என்னிடம்தான் எழுதச் சொன்னார்கள்.

11 ஜூன், புதன்

காலையில் போன்.

"சார், அருள்மேரி ஆன்ட்டி இருக்காங்களா?" மிருதுளா.

"நான்தாம்மா பேசறேன்."

சாரி ஆன்ட்டி, சாரி என்று இரண்டு முறை சொன்னாள். என் குரல் அப்படி. காஸ் கம்பெனிக்காரனும் சார் என்பான், பாங்கிலும் சார் என்பார்கள். பத்தொன்பது வயதிலேயே கட்டைக் குரல். அதனால்தான் அந்தப் பாட்டைக் கேட்டவர்கள் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

வின்சென்ட் விஷயத்தைச் சொல்லிவிட்டான் போலிருக்கிறது. "நான் யார் பக்கமும் இல்ல ஆன்ட்டி. ஆனா வின்சென்ட் வாரிசுன்னு பாட்டு உரிமைக்குக் கையெழுத்துப் போட்டுட்டார். நீங்க ஒரு தடவை பாடிக் காட்டினா..."

"நான் என்ன பரீட்சை எழுதுற பிள்ளையா, நீ மார்க்கு போடறதுக்கு?" என்று வைத்துவிட்டேன்.

மரியாதை என்று ஒன்று இருக்கிறது அல்லவா? அதற்காகத்தான் பாடவில்லை. வேறு காரணம் எதுவும் கிடையாது.

மத்தியானம் யாரும் இல்லாதபோது முதல் வரியை மெதுவாகப் பாடிப் பார்த்தேன். இருமல் வந்தது. தூசிக் காலம்.

13 ஜூன், வெள்ளி

மதராஸில் பாட்டுப் பதிவான நாளை எழுதி வைக்கிறேன். நான் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப் போவதில்லை.

ஒரே ஒரு மைக். நான் முன்னால், கிளாரன்ஸ் மூலையில், எனக்குப் பின்னால் அண்ணன். அவன் வாசித்தது பாஸ். ஆள் உயர வயலின் மாதிரி இருக்கும், வில் கிடையாது. தந்தியை இழுத்துவிட்டுக் கட்டையில் படும்படி அறைய வேண்டும். கிளப்பிலிருந்து இரவல் வாங்கி ரயிலில் அதற்கும் ஒரு டிக்கெட் எடுத்துக் கொண்டுபோனோம்.

'ஏ-ஹே-றுது' என்று நான் குரலை வெட்டியதும் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த இன்ஜினியர் கையைத் தூக்கி நிறுத்திவிட்டார்.

"பாப்பாவுக்கு விக்கல் எடுக்குது. யாராவது தண்ணி குடுங்கப்பா."

தண்ணீர் வந்தது, குடித்தேன். மறுபடி பாடினேன். மறுபடி நிறுத்தினார். "யாரோ ரொம்ப நெனைக்கறாங்க போல. இன்னும் கொஞ்சம் குடும்மா." மூன்றாவது முறை தம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "சார், இது விக்கல் இல்ல, பாட்டே இதுதான்" என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் நேரம் முடியப்போகிறது என்று விட்டுவிட்டார். தட்டில் இருப்பது அந்த நான்காவது தடவை பாடியது. கோபத்தில் பாடியது. கேட்டால் தெரியும்.

வெளியே வந்தால் குமாஸ்தா பெயர் கேட்டார். அண்ணன் என்னை ஓரமாகக் கூட்டிப்போனான். "பொண்ணு பேரப் போட்டா நாளைக்கி உன்ன யாரு கட்டுவான் மேரி? எஸ். அருள்னு போட்டா ரெண்டு பேருக்கும் பொது." அவன் கெட்டது நினைக்கவில்லை. தலையாட்டியது என் தலைதான்.

ஆனால் நான் பாடிய சேதி மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டது. அவர்கள் வந்து கேட்டபோது, "ஐயோ, பாடினது பையன்தான்" என்று அம்மா சொன்னார். அண்ணன் மறுக்கவில்லை. எனக்காக மறுக்கவில்லை. அடுத்த வருடம் அவனுக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் அந்தத் தட்டைப் போட்டே வரவேற்றார்களாம். அங்கே எப்படி மறுப்பான்?

என் கணவர் நல்லவர். வீட்டில் சத்தம் பிடிக்காது. கிடாரை அவரே கொண்டுபோய்க் கோயிலுக்குக் கொடுத்துவிட்டார். நல்ல காரியம்தான். நான் ஒன்றும் அழவில்லை, அப்போது மூத்தவன் வயிற்றில் இருந்தான், எதற்கெடுத்தாலும் கண்ணீர் வருகிற நேரம் அது.

15 ஜூன், ஞாயிறு

பாடற்குழுவிலிருந்து ஒரு கிடாரை இரவல் கேட்டு வாங்கி வந்தேன். பேரனுக்கா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

16 ஜூன், திங்கள்

இடது கை விரல் நுனி நான்கிலும் கொப்புளம். இட்லித் தட்டை வெறுங்கையால் எடுத்துவிட்டேன்.

17 ஜூன், செவ்வாய்

இட்லித் தட்டு இல்லை. கிடார். மூன்று மணி நேரம். மோதிர விரல் மடங்க மாட்டேன் என்கிறது. அது மடங்காவிட்டால் மற்ற மூன்றை வைத்து வாசிப்பேன். அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன்.

18 ஜூன், புதன்

ஜெசிந்தா அண்ணி வந்தாள், கருவாட்டுக் குழம்போடு. என் அண்ணன் மனைவி, என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவள். குழம்பை வைத்துவிட்டு உட்காராமல் நின்றாள்.

"வின்சென்ட்டு சொன்னான்."

"உக்காரு அண்ணி."

"பொய்யினு சொல்லு மேரி. உக்கார்றேன்."

நான் சொல்லவில்லை. அவளே உட்கார்ந்தாள். பெண் பார்த்த அன்று அந்தத் தட்டைக் கேட்டுத்தான் சரி என்றாளாம். அதற்கு முன் வந்த வாத்தியார் மாப்பிள்ளையை வேண்டாம் என்றாளாம். கல்யாணம் ஆனபின் பாடச் சொன்னால் அண்ணன் தொண்டையைத் தொட்டுக் காட்டி, சுரங்கத் தூசி, குரல் போய்விட்டது என்பானாம். அவன் பாவம், அதற்காகவே வருடக்கணக்காக இருமிக் காட்டியிருக்கிறான். நிஜமாகவே தூசி நெஞ்சில் ஏறியபோது இவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

"தெனம் ஒருவாட்டி கேப்பேன். சொரங்கத்துல எறங்கறதுக்கு முன்னாடி எம் புருசன் இப்பிடி இருந்தாருன்னு. எனக்கு இருக்கறதே அது ஒண்ணுதான். நான் போனப்புறம் சொல்லிக்க மேரி. அதுவரைக்கும் உட்டுடு."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? சரி அண்ணி என்றா? ஐம்பத்தோரு வருடம் சரி என்றுதான் சொன்னேன். அம்மாவுக்கு, கணவருக்கு, நினைவு அட்டைக்கு, எல்லாவற்றுக்கும் சரி.

"எனக்கும் எழுபதாச்சி அண்ணி. உனக்கு முன்னாடி நான் போய்ட்டா?"

அவள் எழுந்து போய்விட்டாள். குழம்புப் பாத்திரத்தைத் திருப்பி எடுத்துப் போகவில்லை. குழம்பு நன்றாக இருந்தது. இரண்டு வாய்க்குமேல் இறங்கவில்லை.

22 ஜூன், ஞாயிறு

பேருந்து நிலையத்துக்கு எதிரே ஃபிளெக்ஸ். அண்ணன் படம், பன்னிரண்டு அடி உயரம். கையில் யாருடைய கிடாரையோ ஒட்டி வைத்திருக்கிறார்கள், அதுவும் இடது கைக்காரன் பிடிப்பது போல. 'தங்கவயல் தந்த ராக் இசை வேந்தர் எஸ். அருள்ராஜ். பாராட்டு விழா. 29 ஞாயிறு காலை 11. தொழிலாளர் மன்றம்.'

அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். கோபம் அண்ணன்மேல் இல்லை. அவன் முகத்தைப் பார்த்தால் எனக்கு எப்போதும் கோபம் வராது. அந்த முகத்தில் ஒரு சங்கடம் இருந்தது. கல்யாண போட்டோவிலிருந்து வெட்டி எடுத்திருக்கிறார்கள், அதில் காலர் இறுக்கியதால் வந்த சங்கடம் அது. இருந்தாலும் எனக்கு வேறு மாதிரிப் பட்டது.

வீட்டுக்கு வந்து மிருதுளாவுக்கு நானே போன் செய்தேன். "ஞாயித்துக்கிழமை மன்றத்துக்கே பரீட்சை எழுத வரேன். ஆனா உனக்காக இல்ல."

26 ஜூன், வியாழன்

தண்ணீர் வந்தது. நான்கு குடம்தான். கொப்புளங்கள் உடைந்து தோல் கெட்டியாகிவிட்டது. கட்டைவிரலால் தடவிப் பார்த்தால் பழைய விரல் போல இருக்கிறது.

28 ஜூன், சனி

பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், போதுமா.

29 ஜூன், ஞாயிறு

நீலச் சேலை கட்டினேன். கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தே போனேன். ஆட்டோவில் போனால் யாரும் பார்க்க மாட்டார்களே.

மன்றத்தில் நூறு பேர் இருப்பார்கள், பாதிக்குமேல் பழைய சுரங்கத் தொழிலாளிகள். முன்வரிசையில் ஜெசிந்தா அண்ணி பட்டுச் சேலையில். மிருதுளா பக்கவாட்டில் ரெக்கார்டரோடு நின்றாள். கவுன்சிலர் அண்ணனைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். அண்ணன் பாடாத பாட்டுகளையெல்லாம் சொன்னார். சால்வையை வின்சென்ட்டுக்குப் போட்டார்கள். கைதட்டல் அடங்கியதும் நான் படியேறினேன்.

வின்சென்ட் ஓடி வந்து மைக்கை மறைத்தான். "அத்தே, மானத்த வாங்காத. எறங்கு."

"தள்ளுடா. உன்ன இடுப்புல தூக்கிக்கினு சோறு ஊட்டினவ நானு."

மைக்கில் சொன்னேன்: "நான் சவரிமுத்து மகள் அருள்மேரி. எஸ். அருள் நான்தான்." அடுத்த வார்த்தைக்கு முன் மைக் செத்துவிட்டது. வின்சென்ட் ஒயரைப் பிடுங்கிவிட்டான். நல்லதாகப் போயிற்று. கிளப்பில் எனக்கு எந்தக் காலத்தில் மைக் கொடுத்தார்கள்?

பாடினேன். குரல் பழைய குரல் இல்லை. முதல் வரியில் தடித்துப்போய், கரகரத்து, எனக்கே யாரோ போல் இருந்தது. மோதிர விரல் இரண்டு இடத்தில் தந்தியை விட்டுவிட்டது. 'எம் மனசு' வரை வந்ததும் ஒரு நொடி மனசுக்குள் ஒன்றுமே இல்லை. பிறகு 'ஏ-ஹே-றுது' தானாக வந்தது. நான் வெட்டவில்லை, தொண்டையே வெட்டியது. பின்வரிசையில் ஒரு கிழவர், "அடி செருப்பால, இது அந்தப் பொண்ணுடா! கிளப்பு பொண்ணு!" என்று கத்தினார். அதற்குமேல் எனக்கு யாரும் தேவைப்படவில்லை. முழுப்பாட்டையும் பாடினேன். இரண்டாம் சரணத்தை இரண்டு முறை பாடினேன், வேண்டுமென்றே.

கைதட்டினார்கள். எழுதுவதற்கு என்ன வெட்கம், நிறைய நேரம் தட்டினார்கள். மிருதுளா அழுதுகொண்டிருந்தாள். வின்சென்ட் சால்வையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு வெளியே போய்விட்டான்.

அண்ணி மட்டும் எழவில்லை. கீழே இறங்கி அவள் முன்னால் போய் நின்றேன். நிமிராமலே கேட்டாள்:

"அப்போ அம்பது வருசமா நான் உன் கொரலோடயா குடும்பம் நடத்தினேன்?"

"ஆமா அண்ணி" என்றேன். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்றும் தோன்றியது, கேட்க வேண்டும் என்றும் தோன்றியது. கேட்கவில்லை.

30 ஜூன், திங்கள்

தொண்டை கட்டிவிட்டது. மிளகுக் கஷாயம்.

மிருதுளா போன். பேரை எப்படிப் போடுவது என்று கேட்டாள். வராத குரலில் கிசுகிசுத்துச் சொன்னேன். பாட்டு, கிடார்: எஸ். அருள்மேரி. பி. வேண்டாம். டிரம்: கிளாரன்ஸ். பாஸ்: எஸ். அருள்ராஜ்.

"பாஸ் அவரா? ஆன்ட்டி, அந்தப் பாட்டுல பாஸ்தான் எல்லாரும் பேசற விஷயமே. யாருன்னு தெரியாமத்தான் இருந்தோம்."

போனை வைத்துவிட்டு நெடுநேரம் அடுப்படியிலேயே நின்றேன். ஐம்பத்தோரு வருடம் அவன் பாடாத பாட்டுக்குக் கைதட்டியிருக்கிறோம். அவன் பாஸில் அடித்த அடிக்கு ஒருவரும் தட்டவில்லை. நானும்தான். தந்தியில் விழுந்த அந்த அறை இல்லாமல் நான் பாடியிருக்கவே முடியாது. நினைவு அட்டையில் அதை எழுதத் தோன்றவில்லையே எனக்கு.

2 ஜூலை, புதன்

குழம்புப் பாத்திரத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு அண்ணி வீட்டுக்குப் போனேன். வின்சென்ட் என்னைப் பார்த்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். கொஞ்ச நாள் ஆகட்டும். அண்ணி கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"அந்தப் பாட்டப் போடு அண்ணி."

"இனிமே எதுக்கு அது எனக்கு?"

அவளுடைய போனை நானே எடுத்துப் பாட்டைப் போட்டு, சத்தம் பெரிதாக வருவதற்கு ஒரு பித்தளைச் சொம்புக்குள் நிறுத்தி வைத்தேன். "என்னக் கேக்காத. எனக்குக் கீழ கேளு. டொக்கு டொக்குனு ஒண்ணு அடிக்குது பாரு. தந்தி கட்டைல படற சத்தம். அது யாருன்னு நெனைக்கற?"

பாதிப் பாட்டில் மெல்லக் குனிந்து சொம்புக்கு அருகே காதைக் கொண்டுபோனாள்.

"இதுவா அவரு?"

"அவன்தான். விரல்ல ரத்தம் வர வாசிச்சான் அன்னிக்கி. எனக்குத் தாளம் தப்புற எடத்துலல்லாம் அவன் புடிச்சி நிறுத்துவான், கேளு."

பாட்டு முடிந்தது. அவளே சொம்புக்குள் கையை விட்டு மறுபடி போட்டாள். முடிந்ததும் மறுபடி. முந்தானை நனைந்துவிட்டது, துடைக்கவில்லை. விரலால் தரையில் தட்டத் தொடங்கினாள், அண்ணன் அடிக்கிற அதே இடங்களில். அதைப் பார்த்ததும் எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. கட்டிய தொண்டையோடு நானும் சேர்ந்து பாடினேன்.

அண்ணி எரிச்சலோடு கையைத் தூக்கினாள். "ஏ மேரி, கொஞ்சம் வாய மூடு. அவரு வாசிக்கிறாரு."

சொம்புக்குள் இருக்கிற பத்தொன்பது வயதுக்காரி அதைக் கேட்டு நிறுத்துகிறவள் இல்லை. நானும் நிறுத்தவில்லை.